பெரியவன் ஓடிய நேரம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் முடியாதக்கா என்றால்தான் தெரியும். எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருகிற சொல் அதுதான். பிறகு யோசித்துப் பார்ப்பாள், நியாயம் என்று பட்டால் கேட்டதற்கு மேலேயே செய்துகொடுப்பாள், அது வேறு கதை. அவளைக் கட்டிக்கொண்டவரோ எதற்கும் "சரி" என்று தலையாட்டிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர். ஒருத்தி முடியாது, ஒருத்தர் சரி. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று கேட்டால், நன்றாகவே நடத்தினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய விடுதியின் நிலவறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். சன்னல் கிடையாது, நீராவி மட்டும் தாராளம். ஒரு நாள் மேற்பார்வையாளர் யாரோ ஒரு முக்கியமான விருந்தாளியின் கோட்டைத் தானே தேய்க்கிறேன் என்று எடுத்து, போனில் பேசிக்கொண்டே அதன் முதுகில் இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்துவிட்டார். பிறகு அவளிடம் வந்து, நீ சுட்டதாக ஒரு வார்த்தை சொல்லிவிடு, வேலை போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கூட இருந்த பெண்களெல்லாம் சொல்லித் தொலையேன் என்று கண்ணைக் காட்டினார்கள். அவள் முடியாது என்றாள். நடக்காததை நடந்ததாகச் சொல்ல எனக்கு வராது என்றாள். வேலை போனது. அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கதை ஊரைச் சுற்றிவிட்டு வந்து பெயராக ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் சொந்தச் சலவைக்கூடம். பேருந்து பழுதுபார்க்கும் கொட்டகையாக இருந்த இடம் அது. எவ்வளவு தேய்த்துக் கழுவியும் ஒரு மூலையில் இன்னும் எண்ணெய்க்கறை உண்டு. தொட்டிகளும் இரண்டு சின்ன இயந்திரங்களுமாகத் தொடங்கியவள், மூடப்போகிற மருத்துவமனை ஒன்றிலிருந்து பெரியவனை வாங்கி வந்தாள். பெரியவன் என்பது ஆள் இல்லை, பிழியும் இயந்திரம். சொட்டச் சொட்ட உள்ளே போகிற போர்வையைச் சுழற்றியே தண்ணீரை உதறித் தள்ளிவிடுவான். வாசலில் நுழையாமல், சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். அவன் வந்த பிறகுதான் ஊர் மருத்துவமனையின் போர்வையும் விரிப்பும் முழுக்க அவள் கைக்கு வந்தன. அன்றன்றைக்கு வெளுத்து, உலர்த்தி, மடித்துக் கொடுக்க வேண்டும். பெரியவன் இல்லாவிட்டால் அது நடக்காது. அந்த வேலை போனால் கூடத்தில் வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் பெண்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். கணவரின் தங்கை. வாய் கொஞ்சம் நீளம், வேலையில் வேகம் அதைவிட நீளம். அவளிடம் ஒரே ஒரு குறை. பெரியவன் வயிற்றில் ஈரத்துணியைப் போடும்போது சுற்றிலும் சமமாகப் பரப்பாமல், கைக்கு எட்டின பக்கமே திணிப்பாள். சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பெரியவன் சாமி வந்தவன்போல் ஆடத் தொடங்கிவிடுவான். பாதியிலேயே நிறுத்திப் பிரித்துப் போட வேண்டியிருக்கும். "ஒரு பக்கமாப் போடாதே, ஒரு பக்கமாப் போடாதே" என்று அக்கா கத்தாத நாள் இல்லை. நாத்தனாரும் "சரி அண்ணி" என்று சொல்லாத நாள் இல்லை. அண்ணன் வழிச் சொத்து அது ஒன்றுதான் அவளுக்கு வந்திருந்தது.

ஊருக்கு வெளியே, மேட்டைத் தாண்டி, வயல்களின் நடுவில் ஒரு கட்டடம் வந்தது. அதிலிருந்து இரண்டு நீளக் குழாய்கள், மடக்கிய முழங்கை மாதிரி ஆளுக்கொரு திசையில், அடுத்த ஊர் எல்லை வரைக்கும் போயின. வானத்திலிருந்து வருவதைக் கேட்கப்போகிறோம் என்று திறப்பு விழாவில் யாரோ பேசிவைக்க, ஊர் அதற்குக் காது என்று பெயர் வைத்துவிட்டது. அதன்பிறகு கூடத்துப் பெண்கள் மாமியாரைப் பற்றிப் பேசும்போது, மெதுவாப் பேசு, காதுல விழுந்துடும் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

அந்தக் காதிலிருந்து ஒரு நாள் இரண்டு பேர் கூடத்துக்கு வந்தார்கள். ஒருவர் அதன் இயக்குநர், வெள்ளைச் சட்டையில் கஞ்சி கொஞ்சம் அதிகம். இன்னொருத்தி இளம்பெண். அங்கே கண்ணாடிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை என்று அறிமுகம் ஆனது. மூக்குக் கண்ணாடி போடாத அந்தப் பெண்ணுக்குக் கூடத்தில் அன்றே கண்ணாடிப் பொண்ணு என்று பெயர் விழுந்தது. வந்த விஷயம் இதுதான்: உங்கள் பெரிய இயந்திரத்தின் சத்தம் எங்களுக்கு மிகவும் தொந்தரவாக இருக்கிறது, நாங்கள் கேட்கத் தொடங்கும் மாதங்களில் அதை நிறுத்திவைக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் நகராட்சியில் சொல்லி அதற்கு மட்டும் அனுமதியை ரத்து செய்யச் சொல்வோம் என்பதையும் இயக்குநர் மிக மரியாதையாகச் சொன்னார்.

"முடியாது" என்றாள் அக்கா.

அவர்கள் போன பிறகு அவளுக்கு மனசு கேட்கவில்லை. சத்தம் என்று ஒருவர் குறை சொல்லிவிட்டாரே. பக்கத்து வீட்டுக்காரர்கூட இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரி, பெரியவன் வாயை மூட வைப்போம் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். கழித்துப்போட்ட கம்பளிகளைச் சுவர் முழுக்க ஆணியடித்துத் தொங்கவிட்டாள். கதவு இடுக்கில் ரப்பரைத் திணித்தாள். ரேடியோவுக்கு விடுமுறை கொடுத்தாள். கணவர் வண்டியின் ஹாரனை வாசலில் அடிக்கக் கூடாது என்றாள். அவர் சரி என்றார். பெண்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். கடைசியில் பெரியவன் முழு வேகத்தில் சுற்றும்போதுகூட வெளியே நின்றால் ஒரு பெருமூச்சு மாதிரிதான் கேட்டது.

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கண்ணாடிப் பொண்ணு திரும்ப வந்தாள். அக்கா அவளைத் தெருவிலேயே நிறுத்தி, கேட்குதா என்றாள். அந்தப் பெண் தொங்குகிற கம்பளிகளைப் பார்த்தாள், கதவு ரப்பரைப் பார்த்தாள், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு, தங்களுக்குச் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். உள்ளே வந்து ஒரு டம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி, குடிக்காமல், பெரியவனுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். பெரியவன் வேகம் பிடிக்கப் பிடிக்கத் தண்ணீர் வட்டம் வட்டமாக நெளிந்தது.

"இதைத்தான் அக்கா நாங்க சத்தம்னு சொல்றோம். காதுக்குக் கேக்குறது இல்ல, தரை நடுங்குறது. எங்களுக்கு வேண்டாதது எது வந்தாலும் அதுக்குச் சத்தம்னுதான் பேரு."

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஆணி மட்டும் எத்தனை அடிச்சிருக்கேன் பாரு."

அக்காவுக்குக் கோபம்தான். ஆனால் கோபத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள், இவ்வளவு தூரம் என் பெரியவனைப் பழி சொல்கிறீர்களே, அப்படி எதைத்தான் கேட்கப்போகிறீர்கள் என்று பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்வதென்றால் சாப்பாடு வேண்டாம். எங்கோ எண்ணிப் பார்க்க முடியாத தூரத்தில், செத்துச் சுருங்கிப்போன இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றும். சுற்றச் சுற்ற நெருங்கும், நெருங்க நெருங்க வேகம் கூடும், கடைசியில் ஒன்றோடொன்று மோதிச் சேரும். அப்போது வெளியே கிளம்புகிற அலை, இடத்தையே இழுத்துச் சுருக்கிக்கொண்டு வரும். இங்கே வந்து சேரும்போது ஒரு குழாய் கொஞ்சம் நீளும், மற்றது கொஞ்சம் குறுகும். இரண்டின் கோடியிலும் தொங்குகிற கண்ணாடிகளில் ஒளியை அடித்துத் திருப்பி அதை அளக்கிறோம்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நாத்தனார் கேட்டாள். அணுவுக்குள் ஒரு கரு, கருவுக்குள் ஒரு துணுக்கு, அந்தத் துணுக்கை ஆயிரமாக நறுக்கினால் ஒரு பங்கு என்றாள் கண்ணாடிப் பொண்ணு. கடல் அலை கரையில் அடிப்பது, லாரி போவது, காற்று வீசுவது எல்லாமே அதைவிடக் கோடி மடங்கு பெரிசு. அதனால் கண்ணாடியை ஊஞ்சலுக்குள் ஊஞ்சலாக, மெல்லிய இழைகளில் தொங்கவிட்டிருக்கிறோம், தரை நடுங்கினாலும் கண்ணாடி நடுங்காமல் இருக்க. அப்படியும் சில நடுக்கம் நுழைந்துவிடுகிறது. அதில் உங்கள் பெரியவன்தான் மோசம். மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்து, உச்சிக்குப் போய் நிற்கிறான். நாங்கள் காத்திருக்கிற நட்சத்திரமும் அப்படியேதான் செய்யும்.

இது பழிதான் என்றாலும், நட்சத்திரத்தோடு சேர்த்துச் சொன்னதில் அக்காவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. அப்படி ஒரு அலை இருக்கிறது என்று பார்த்தவர் யார் என்று மடக்கினாள். நேரடியாக யாரும் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்ட பெண், மடித்துக்கொண்டிருந்த ஒரு போர்வையைக் கையில் எடுத்தாள். ஈரமாகக் கொடியில் போடும்போது இது கனமாக இருந்தது, இப்போது லேசாக இருக்கிறது. ஆவி போனதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் போயிருக்கிறது என்று தெரியும் இல்லையா? அதேபோல ஒரு நட்சத்திர ஜோடியைப் பல வருஷமாகக் கவனித்துவந்தார்கள். அலை சக்தியைக் கொண்டுபோனால் எவ்வளவு நெருங்க வேண்டுமோ, கணக்குப் போட்ட மாதிரியே நெருங்கிக்கொண்டு வருகின்றன. போனது தெரிகிறது. வரும்போது பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிடித்துவிட்டோம் என்று அவசரப்பட்டுச் சொல்லவும் முடியாது என்றாள். ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒருவர் பெரிய உலோக உருளையை வைத்து, கேட்டுவிட்டது என்று அறிவித்தார். மற்றவர்கள் அதேபோல் செய்து பார்த்தார்கள், ஒருவருக்கும் கேட்கவில்லை. அதன்பிறகு இந்த வேலை செய்கிறவர்களையே உலகம் ஒரு மாதிரியாகப் பார்த்தது. "இருக்குறதைத் தவற விட்டாக்கூட மன்னிச்சுக்கலாம் அக்கா. இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டா எங்க வேலையில அவ்வளவுதான்."

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மனம் இளகியிருப்பாள் என்று நினைத்தால் அவளைத் தெரியவில்லை என்று அர்த்தம். இத்தனை தூரம் தள்ளி உட்கார்ந்துகொண்டு என் பெரியவன் நடுக்கம் தெரிகிறது என்பது காதில் பூ சுற்றுகிற வேலை என்றாள். இயக்குநர் கொடுத்த புகாரின் பேரில் நகராட்சி அதிகாரி விசாரணைக்கு வந்தபோது அவர் முன்னாலேயே ஒரு பந்தயம் வைத்தாள். ஒரு வாரம் அவள் தன் இஷ்டப்படி பெரியவனை ஓட்டுவாள், இஷ்டப்படி நிறுத்துவாள். காதுக்காரர்கள் அங்கேயே இருந்தபடி எப்போதெல்லாம் ஓடினான் என்று சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. கண்ணாடிப் பொண்ணு உடனே சம்மதித்தாள். இயக்குநர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சம்மதித்தார்.

சாட்சிக்கு அந்த நகராட்சி அதிகாரி வாரம் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்தார். நீராவியில் அவர் தலைமுடி படிந்துபோனது, சட்டை மட்டும் தினமும் இலவசமாக மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கிடைத்தது. அக்கா அந்த வாரம் பெரியவனைப் படாதபாடு படுத்தினாள். வெறும் வயிற்றோடு சுற்றவிட்டாள். தொடங்கி உடனே நிறுத்தினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்த பிறகு எழுந்து போய் ஓட்டிவிட்டு வந்தாள். கண்ணாமூச்சி ஆடுகிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

வாரம் முடிந்ததும் எல்லாரும் கூடத்தில் கூடினார்கள். கண்ணாடிப் பொண்ணு பட்டியலைப் படிக்கப் படிக்க, அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். வெறும் வயிற்றில் ஓடியதைச் சொன்னாள். தொடங்கி நிறுத்தியதைச் சொன்னாள். சாப்பாட்டு நேரத்துத் திருட்டு ஓட்டத்தையும் சொன்னாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியாக அந்தப் பெண், "வார லீவு அன்னைக்குக் காலையில ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை சுமை ஒரே பக்கமா இருந்திருக்கு, பாதியிலேயே நிறுத்தியிருக்கீங்க" என்றாள்.

அக்கா எழுந்து நின்றாள். அன்றைக்குக் கூடம் பூட்டியிருந்தது. அவளும் கணவரும் உறவுக்காரர் வீட்டில் இருந்தார்கள். அதிகாரியும் விடுமுறையில் இருந்தார். ஓடாத இயந்திரம் ஓடியதாகக் கேட்டிருக்கிறது இவர்களுக்கு. இதை அவள் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கண்ணாடிப் பொண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பந்தயம் பந்தயம்தான் என்று அதிகாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இயக்குநர் காரில் ஏறினார். கூடத்தில் ரேடியோவுக்கு விடுமுறை முடிந்தது.

ஜெயித்த மறுநாள் காலை, அக்கா நல்ல குஷியில் போர்வைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவன் ஓர் உறுமு உறுமிவிட்டு ஆட ஆரம்பித்தான். வழக்கம்போல, "ஒரு பக்கமாப் போடாதேன்னு எத்தனை தடவை" என்று தொடங்கியவளுக்கு வாக்கியம் முடியவில்லை. கையில் இருந்த போர்வை அப்படியே நின்றது. சுமை ஒரே பக்கமாக இருந்திருக்கிறது, பாதியிலேயே நிறுத்தியிருக்கிறீர்கள். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அவள் யோசிக்கவே வேண்டியதில்லை. நாத்தனார் பெரியவனை நிறுத்திவிட்டுத் திரும்பினாள், அண்ணியின் கண்ணைப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது தெரிந்து, மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சா ஒத்துக்க மாட்டீங்க அண்ணி. அதான் சொல்லலை. ஓடுச்சுன்னு அவங்க சொன்னா நீங்க இல்லைன்னு சொல்வீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும், அதிகாரிக்கும் தெரியும். அதை வச்சுத்தான் பண்ணேன்."

இதைவிட அவளை அறைந்திருக்கலாம். வாழ்நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றிய ஒன்றை எடுத்து, இந்தக் கழுதை கள்ளச்சாவியாகப் போட்டிருக்கிறாள். ஆனால் திட்ட மனம் வரவில்லை. காரணம், செய்தது யாருக்காக என்பதும் தெரியும். நாத்தனாரின் வீட்டில் அவள் ஒருத்தி கையைத்தான் நான்கு வாய் நம்பியிருந்தது. அன்றும் மறுநாளும் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று கணவர் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள், அவர் சரி என்று சொல்லிவிட்டு, சரியில்லை என்று தெரிந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த நாள் கண்ணாடிப் பொண்ணு வந்தாள். இளைத்திருந்தாள். தோற்றதற்கு மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னாள். பொய்யாக ஓர் ஓட்டம் எப்படிக் கேட்டது என்று கருவி முழுவதையும் அக்கக்காகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், எங்கேயும் தவறு தெரியவில்லையாம். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அது சொல்வது எதையும் இனி நம்ப முடியாது. கேட்கும் மாதங்களைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள், அவளை வேறு வேலைக்கு மாற்றப்போகிறார்கள். "இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டேன் அக்கா. எங்க தப்புன்னுகூடத் தெரியலை" என்று சொல்லும்போது குரல் உடைந்தது.

அக்கா மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள். தூரத்தில் நாத்தனார் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சைகை செய்தாள். மற்றப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒரு வார்த்தை சொன்னால் இத்தனை பேரின் பிழைப்பும் அந்தரத்தில் தொங்கும். சொல்லாவிட்டால் அந்த நிலவறையில் கோட்டைச் சுட்டவருக்கும் தனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் வந்த ஆத்திரம் அந்தப் பெண் மேலா, நாத்தனார் மேலா, தன் மேலேயா என்று புரியவில்லை.

"ஓடினான்" என்றாள். "அன்னைக்குப் பெரியவன் ஓடினான். ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை ஒரு பக்கமாப் போட்டதுல பாதியில நின்னான். எனக்குத் தெரியாது, ஆனா ஓடினான். உன் காது சரியாத்தான் கேட்டிருக்கு."

கண்ணாடிப் பொண்ணு ஈரத்துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாத்தனாரும் அழுதாள், அது வேறு காரணத்துக்கு.

மறுநாள் இயக்குநர் அதிகாரியோடு வந்துவிட்டார். அக்காவின் நேர்மையைத் தூக்கிவைத்துப் பேசினார். பேசிக்கொண்டே வந்து, ஆகவே இயந்திரத்தை எப்போதிலிருந்து நிறுத்துகிறீர்கள் என்று முடித்தார். முடியாது என்றாள் அக்கா. தோற்றீர்களே என்றார் அவர். நான் தோற்றது உங்களுக்குக் கேட்கிறதா இல்லையா என்ற பந்தயத்தில், நிறுத்துகிறேன் என்று எங்கேயாவது சொன்னேனா என்றாள். அதிகாரி மோவாயைச் சொறிந்துகொண்டு, அப்படிச் சொல்லவில்லைதான் என்றார். அனுமதியை ரத்து செய்தால் என்ன செய்வீர்கள் என்று இயக்குநர் கேட்டார்.

"செஞ்சுக்கோங்க. மருத்துவமனைப் படுக்கைக்கெல்லாம் யார் போர்வை தருவாங்கன்னு அப்படியே சொல்லிட்டுப் போங்க. நட்சத்திரம் ஒண்ணோட ஒண்ணு மோதுறது முக்கியம்தான், நான் இல்லைன்னு சொல்லலை. படுத்துக் கிடக்குறவனுக்குக் காஞ்ச துணியும் முக்கியம். உங்க கண்ணாடிக்கு ஊஞ்சலுக்குள்ள ஊஞ்சல் கட்டத் தெரியுதுல்ல? என் பெரியவனுக்கும் ஒண்ணு கட்டுங்க."

இயக்குநர் சிரித்தார். கண்ணாடிப் பொண்ணு சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே பெரியவனைச் சுற்றி நடந்து, குனிந்து, காலால் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டத்தான் செய்தார்கள். தரையை வெட்டி, தனியாக ஒரு கான்கிரீட் மேடை போட்டு, அதற்கும் சுற்றியுள்ள தரைக்கும் தொடர்பில்லாமல் இடைவெளி விட்டு, தடித்த வில்கம்பிச் சுருள்களின் மேல் பெரியவனை உட்கார வைத்தார்கள். இதற்காக இரண்டாம் முறையாகச் சுவர் இடிந்தது. நாத்தனார் ஒரு பக்கமாகத் துணி போடும் பழக்கத்தை விட்டாள், மேட்டுக்கு அப்பால் தன் கையை ஒருத்தர் கண்டுபிடித்துவிடுகிறார் என்ற கூச்சமே போதுமானதாக இருந்தது. பெரியவனின் நடுக்கம் முழுக்கப் போகவில்லை. டம்ளர் தண்ணீரில் உற்றுப் பார்த்தால் ஒரு மயிரிழை வட்டம் தெரியும். அதோடு பிழைத்துக்கொள்கிறோம் என்றாள் கண்ணாடிப் பொண்ணு.

அதன்பிறகு சில வருஷங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் காதைச் செவிட்டுக் காது என்று கிண்டல் செய்தது. அக்காவின் முன்னால் மட்டும் யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லாமல் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா என்று ஒரு பிடி பிடித்துவிடுவாள்.

ஒரு நாள் காலை அந்தப் பெண் தலைகூடச் சரியாக வாராமல் வந்து நின்றாள். கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. மேட்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறாள் போல, மூச்சு வாங்கியது.

"அக்கா, நேத்து மத்தியானம், மருத்துவமனை வண்டி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பெரியவன் ஓடினானா?"

விஷயம் அந்த முகத்திலேயே இருந்தது. காதில் ஏதோ விழுந்துவிட்டது என்று கூடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. நாத்தனார் அருகில் வந்து, இல்லைன்னு சொல்லிடுங்க அண்ணி, பாவம் அந்தப் பொண்ணு என்று முணுமுணுத்தாள். அக்காவுக்குமே ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த பிள்ளை. இல்லை என்று சொன்னால் இங்கேயே கூத்தாடுவாள்.

"ஓடினான். முழுச் சுமை."

கண்ணாடிப் பொண்ணு கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் பேசினாள். கடலுக்கு அந்தப் பக்கம், இன்னொரு நாட்டில், இதேபோல் இன்னொரு காது இருக்கிறது. அங்கேயும் இதே அலை, இதே மாதிரி மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்து, உச்சிக்குப் போய் நின்றிருக்கிறது, கண் இமைக்கும் நேரம்கூட வித்தியாசம் இல்லை. பெரியவனின் நடுக்கம் கடல் தாண்டாது. பெரியவனின் நடுக்கத்தை அளக்க மேடையடியில் வைத்திருக்கிற கருவியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதுவரை வெளியே ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

பார்த்தார்கள். மாதக்கணக்கில் பார்த்தார்கள். இது பெரியவன் இல்லை, லாரி இல்லை, கடல் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கழிக்க முடியாமல் நின்றது அந்த அலை ஒன்றுதான்.

உலகத்துக்கு அறிவிக்கிற நாளுக்குக் கொஞ்சம் முன்னால் இயக்குநர் கூடத்துக்கு வந்தார், கூடவே கண்ணாடிப் பொண்ணும். அவர் தலை இப்போது முழுக்க நரைத்திருந்தது. அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதாம், அலை வந்த நேரத்தில் அருகிலுள்ள சலவைக்கூடத்தின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது என்று. முடிவை அது எந்த விதத்திலும் மாற்றாது. ஆனால் பத்திரிகைக்காரர்கள் மற்ற அத்தனையையும் விட்டுவிட்டு அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள், துணி பிழிகிற இயந்திரத்தைக் கேட்டுவிட்டு நட்சத்திரம் என்கிறார்கள் என்று எழுதுவார்கள். கேட்டுவிட்டதாகச் சொன்ன அந்த உருளைக்காரரைப் பார்த்துச் சிரித்த மாதிரி நம்மையும் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வரியை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார். யாராவது வந்து கேட்டால், அந்த நேரத்தில் நின்றிருந்தது என்று அக்காவும் சொல்லிவிட்டால் நல்லது. ஒரு வார்த்தைதான். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார்.

ஒரு வார்த்தைதான் என்பதை அக்கா ஏற்கெனவே ஒரு நிலவறையில் கேட்டிருக்கிறாள். பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து வந்துவிட்டது.

"முடியாது சார்" என்றாள் கண்ணாடிப் பொண்ணு. "ஓடினான். அவன் ஓடும்போதேதான் கேட்டோம்."

வாசலில் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கணவர், என்ன ஏது என்று தெரியாமலே, பழக்க தோஷத்தில், "சரி" என்றார். முதலில் நாத்தனார்தான் சிரித்தாள். பிறகு பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநர் கையிலிருந்த அறிக்கைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், சரி என்று அவரும் சொன்னார்.

அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரும்பி, பெரியவனின் மூடியைத் திறந்து ஈரப் போர்வைகளைச் சுற்றிலும் சமமாகப் பரப்பினாள்.

அறிக்கை வந்த அன்று நாத்தனார் அதைப் போனில் தேடி எடுத்து, கூடத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தாள். பாதிக்கு மேல் யாருக்கும் புரியவில்லை. சலவைக்கூடத்து வரி வந்ததும் அக்கா கையைத் தூக்கி நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். நாத்தனார் இன்னும் உரக்கப் படித்தாள், பெரியவன் ஓடிக்கொண்டிருந்தான், அவன் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே.